ஒரு மாசமா ஆறாத புண்ணா? சதை டெஸ்டுக்குப் பயப்பட வேண்டாம்



புற்றுநோய் என்று சொன்னால் நமக்கு உடனே ஞாபகம் வருவது மார்பகம், கர்ப்பப்பை வாய், அப்புறம் வெற்றிலை புகையிலை போடுகிறவர்களின் வாய். இவற்றைப் பற்றிக் குழுக் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். தோலிலும் புற்றுநோய் வரும் என்று பேச்சு வந்தபோது, "தோல்லயுமா வரும்? அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதுன்னு இல்ல கேள்விப்பட்டோம்" என்று ஒரு சகோதரி கேட்டார். அவர் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தருகிற மெலனின் என்ற பொருள் வெயிலின் கெடுதலை ஓரளவு தடுத்துவிடும். அதனால் வெள்ளைக்காரர்களுக்கு வருகிற அளவுக்கு நமக்குத் தோல் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் வராது என்று இல்லை. நமக்கு வராது என்று நினைத்துக்கொண்டே ஒரு வருடம், இரண்டு வருடம் புண்ணை வைத்துக்கொண்டு இருப்பதுதான் நம் ஊரில் நடக்கிற ஆபத்து.

நம் கூட்டமைப்பில் 12 வருடமாக உறுப்பினராக இருக்கும் ஓர் அக்காவின் வீட்டில் இது நடந்தது. அக்காவுக்கு வயது 62, அவருடைய வீட்டுக்காரருக்கு 70. இருவரும் சம்மதித்ததால், பெயரும் ஊரும் போடாமல் எழுதுகிறோம். "எங்களுக்கு எது எதுக்கு டெஸ்ட் எடுக்கறாங்கன்னே தெரியாமத்தான் பாதி பயம். அதை எழுதுங்க" என்று அக்கா கேட்டுக்கொண்டார். அதனால் டெஸ்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பழைய தழும்பில் புதுப் புண்

பெரியவர் வாலிபத்தில் கரும்பாலையில் வேலை பார்த்தவர். 30 வயதில் கொதிக்கிற பாகு முழங்காலுக்குக் கீழே கொட்டிவிட்டது. ஆறுவதற்கு ஆறு மாதம் ஆனது. தோல் சுருங்கி, பளபளவென்று தழும்பாக நின்றுவிட்டது. நாற்பது வருடம் அதோடு வயல் வேலை, மாட்டு வேலை எல்லாம் பார்த்தார். அந்தத் தழும்பின் நடுவில் ஒரு சின்ன வெடிப்பு வந்தது. செருப்பு வார் உரசியது என்றார். பிறகு மாட்டுக்கயிறு பட்டது என்றார். மஞ்சள் வேப்பிலை அரைத்துப் போட்டார்கள். மருந்துக்கடையில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டார்கள். ஊரில் ஊசி போடுகிறவரிடம் போனார்கள், "சுகர் புண்ணா இருக்கும்" என்றார். சுகர் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. இப்படியே பதினோரு மாதம் போனது.

அதற்குள் புண்ணின் ஓரம் தடித்து, காலிபிளவர் மாதிரி மேலே எழும்பி வந்துவிட்டது. துணி பட்டால் ரத்தம். வாடை வேறு. இத்தனைக்கும் பெரிய வலி இல்லை. "வலிக்கல, அதனால ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டோம்" என்கிறார் அக்கா. இந்த ஒரு வரியை நம் உறுப்பினர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். புற்றுப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

தீக்காயத் தழும்பில் இப்படிப் புற்று வருவது டாக்டர்களுக்குப் புதிது இல்லை. 1828-இல் மார்ஜோலின் என்ற பிரான்ஸ் நாட்டு டாக்டர் தழும்பில் வரும் புண்களைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் 'மார்ஜோலின் புண்' என்கிறார்கள். காயம் பட்டு 20, 30 வருடம் கழித்துக்கூட வரும். இதைப் படித்துவிட்டு, சூடுபட்ட தழும்பு உள்ள எல்லோரும் பயந்துவிட வேண்டாம். நூறு பேரில் ஒருவர், இருவருக்கு வருவதாகத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். தழும்பு தழும்பாகவே இருந்தால் கவலை இல்லை. அதில் புதிதாகப் புண் வந்து ஆறாமல் இருந்தால்தான் காட்ட வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருகிற நாள்பட்ட புண், தொழுநோய் குணமான பிறகும் பாதத்தில் ஆறாமல் இருக்கிற புண் ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

பெண்களுக்கு ஓர் இடம் முக்கியம்

பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் கறுப்பாகத் தடம் விழுந்திருக்கிறதா? நம்மில் நிறையப் பேருக்கு இருக்கும். அந்த இடத்தில் அரிப்பு, தோல் உரிதல் வந்து, வருடக்கணக்கில் உரசி உரசி, சிலருக்குப் புற்றாக மாறியிருக்கிறது. 1945-லேயே மும்பையில் டாக்டர் கனோல்கர், டாக்டர் சூர்யாபாய் ஆகிய இருவரும் வேட்டி கட்டுகிற ஆண்களின் இடுப்பில் வந்த புற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 2024-இல் மகாராஷ்டிரம், பீகார் மாநில டாக்டர்கள், உள்பாவாடை நாடா இறுகிய இடத்தில் புற்று வந்த இரண்டு பாட்டிமார்களைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒருவருக்குப் புண் ஒன்றரை வருடமாக இருந்திருக்கிறது, இன்னொருவருக்கு இரண்டு வருடம்.  இடுப்பாச்சே, எப்படிக் காட்டுவது என்ற கூச்சம் நமக்கும் உண்டல்லவா?

நாடாவைத் தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் கொஞ்சம் மேலே கீழே மாற்றிக் கட்டுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம், அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும்போது தளர்த்தி விடுங்கள். குழுவில் தையல் தெரிந்த சகோதரிகள் அகலப் பட்டை வைத்த பாவாடை தைத்து விற்கலாமே என்றுகூடத் தோன்றுகிறது!

முகத்தில் வருவது வேறு வகை. மூக்கு ஓரம், கண்ணுக்குக் கீழே மச்சம் மாதிரி கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு கட்டி வந்து, நடுவில் பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடி பொருக்குத் தட்டும். இது வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். மரு என்று நினைத்துச் சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னொரு வகை உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் கறுப்புப் புள்ளியாகவோ கோடாகவோ வந்து பெரிதாகும். மெலனோமா என்பார்கள். இது சீக்கிரம் பரவக்கூடியது. வெறுங்காலோடு நடக்கிற நாம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. குளிக்கும்போது ஒரு தடவை பாருங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. அவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"கத்தி பட்டா பரவிடும்"

பெரியவர் கதைக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் புண்ணைப் பார்த்ததுமே அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே, "சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்" என்றார்கள். பெரியவர் எழுந்து வந்துவிட்டார். "இத்தனை நாள் அடங்கி இருக்கு. கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும். எங்க பங்காளி அப்படித்தான் போனான்" என்று பிடிவாதம்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. இதற்குக் காரணமும் இருக்கிறது. நம் ஊரில் நோய் முற்றிய பிறகுதான் டெஸ்ட்டுக்கே போகிறார்கள். டெஸ்ட் எடுத்த இரண்டு மாதத்தில் ஆள் போய்விடுகிறார். பார்க்கிறவர்களுக்கு டெஸ்ட் எடுத்ததால் போனார் என்று தோன்றுகிறது. உண்மையில் அவர் தாமதமாகப் போனார், அவ்வளவுதான். தோலில் உள்ள புண்ணின் ஓரத்தில் சிறிது சதை எடுப்பதால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்பது தவறு. அந்தச் சதையைப் பார்க்காமல் அது என்ன நோய், எந்த வகை என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வகை தெரியாமல் வைத்தியம் ஆரம்பிக்கவும் முடியாது.

அக்கா அவரிடம் சண்டை போடவில்லை. மூன்று நாள் கழித்து, "ஏனுங்க, கறவை மாடு வாங்கறப்ப பல்லைப் பிடிச்சுப் பாக்காம வாங்குவீங்களா? அவங்க என்னன்னு பாக்கட்டும். ஆபரேஷனா, வேண்டாமான்னு அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறார். டெஸ்ட்டுக்குச் சம்மதிப்பது ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது ஆகாது என்று புரிந்ததும் பெரியவர் கிளம்பிவிட்டார்.

சதை டெஸ்ட் எப்படி எடுப்பார்கள்? படுக்க வைத்து, புண்ணின் ஓரத்தில் மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். ஊசி போடும்போது சுருக்கென்று வலிக்கும், அப்புறம் தெரியாது. ஓரத்தில் பயறு அளவுக்குச் சதை எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல். கட்டுப் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதாவது நெஞ்சுவலிக்கோ பக்கவாதத்துக்கோ தினமும் ஒரு சின்ன மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எடுத்த சதையைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதனால்தான் ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும்போது, அங்கே ரிசல்ட் பேப்பர் மட்டும் போதாது என்பார்கள். அந்தக் கண்ணாடித் தகடும் மெழுகுக் கட்டியும் கேட்பார்கள். ஸ்லைடு, பிளாக் என்று சொன்னால் லேபில் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது தெரியாமல் அக்காவும் பெரியவரும் ஒரு முழு நாள் பஸ்ஸில் போய், திரும்பி வந்து, மறுபடி போனார்கள். 70 வயதில் புண்ணுக் காலோடு அந்த அலைச்சல் தேவையா?

அவரிடம் சொல்வதா, வேண்டாமா?

ரிசல்ட் வந்த அன்று மகன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்மா, பயத்துலயே போயிடுவாரு. வெறும் புண்ணுன்னு சொல்லிடுவோம்" என்றிருக்கிறார். டாக்டரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டார். பாசத்தில் சொன்னதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

இரண்டு நாள் அக்கா அதன்படி இருந்தார். "அவரு மொகத்தைப் பாக்க முடியல. நாப்பத்தி நாலு வருசம் சேர்ந்து இருந்துட்டு, அவரு கால்ல இருக்கறதை அவருக்கே மறைக்கறது என்ன நியாயம்?" என்கிறார். மூன்றாம் நாள் பெரியவரே கேட்டுவிட்டார். அவர் அஞ்சாவது வரை படித்தவர். பெரிய ஆஸ்பத்திரியில் அவரை உட்கார வைத்திருந்த இடத்துக்கு மேலே 'புற்றுநோய்ப் பிரிவு' என்று தமிழில் போர்டு இருந்தது. அதைப் படித்துவிட்டு, யாரும் சொல்லவில்லையே என்று அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அன்று இரவு இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள், அழுதார்கள். "எனக்குன்னு சொன்னா நான் தயாராகிக்குவேன் புள்ள. சொல்லாட்டி நானா என்னென்னமோ நெனச்சுக்கறேன்" என்றாராம் பெரியவர்.

ஒவ்வொரு வீட்டு நிலைமையும் வேறுதான். ஆனாலும் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: சொல்வதுதான் நல்லது. நோய் என்ன என்று தெரியாத ஆளிடம் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வா என்றால் எப்படி ஒத்துழைப்பார்?

அதே நேரத்தில் இன்னொரு சங்கடம். மருமகள் பேரக்குழந்தையைத் தாத்தா மடிக்கு விடவில்லை. தட்டு, டம்ளர் தனி. இது தோல் புற்றுநோய், சொறி சிரங்கு இல்லை. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, துணியைத் துவைத்தாலோ ஒட்டாது. கணவன் மனைவி ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. புண்ணில் வாடை வந்தால் கட்டு மாற்றிச் சுத்தமாக வைத்தால் போதும். நர்ஸம்மா இதை மருமகளிடமே நேரில் சொன்ன பிறகுதான் வீட்டில் நிலைமை சரியானது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவும் முடியாது, கைக்குழந்தைக்காரி, பயந்துவிட்டாள்.

இத்தனை டெஸ்ட் எதற்கு?

நோய் இதுதான் என்று தெரிந்த பிறகும் டெஸ்ட் மேல் டெஸ்ட் எழுதுகிறார்களே, பணம் பிடுங்கவா என்று பெரியவர் கேட்டார். இப்போது பார்ப்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்ற இரண்டு விஷயங்களை.

காலில் வந்த புற்று வெளியே பரவினால் பெரும்பாலும் முதலில் போவது அதே பக்கத்துத் தொடை இடுக்கில் இருக்கிற நெறிக்கட்டிக்கு. அதனால் அங்கே கையால் தடவிப் பார்ப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள். வீக்கம் இருந்தால் மெல்லிய ஊசியால் குத்திக் கொஞ்சம் நீர் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கிற ஊசியை விட மெல்லியது, இரண்டு நிமிட வேலை. பெரியவருக்கு அங்கே வீக்கம் இருந்தது. ஊசி போட்டுப் பார்த்ததில் அது புண்ணில் சீழ் பிடித்ததால் வந்த நெறி, புற்று இல்லை என்று வந்தது. "அந்த ஒரு வாரம் நான் கும்பிடாத சாமி இல்ல" என்றார் அக்கா.

காலுக்கு எக்ஸ்ரே எடுப்பது எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க. காலை எடுக்க வேண்டுமா, காப்பாற்ற முடியுமா என்பது பெரும்பாலும் இதை வைத்துத்தான் முடிவாகும். நெஞ்சுக்கு எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பது நுரையீரலுக்குப் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. சி.டி. ஸ்கேனில் சிலருக்குக் கை நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். ஏற்றும்போது உடம்பு முழுவதும் குப்பென்று சூடு பரவும். முன்பே சொல்லாவிட்டால் பயந்துவிடுவோம். ஒரு நிமிடத்தில் போய்விடும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும், அதனால்தான் அதற்கு முன் கிரியாட்டினின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு ஏதாவது ஊசிக்கு அலர்ஜி வந்தவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ரத்த அளவு, சுகர், இ.சி.ஜி. எல்லாம் பார்ப்பார்கள். அந்தச் சீட்டில் எச்.ஐ.வி. டெஸ்ட்டும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே கலங்கிப்போன கதையும் நமக்குத் தெரியும். ஆபரேஷன் செய்துகொள்கிற எல்லோருக்கும் இதைப் பார்ப்பது வழக்கம். யார் மேலும் சந்தேகப்பட்டு எழுதுவது இல்லை.

அக்கா எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரிந்தவர். ஆனால் குழுவில் கணக்கு நோட்டுப் பார்த்த பழக்கம் கை கொடுத்தது. ஒரு மஞ்சப்பை, அதில் ஒரு ஃபைல், தேதி வாரியாகப் பேப்பர், முன்னால் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை நகல் மூன்று மூன்று. டாக்டரிடம் கேட்க வேண்டியதை முந்தின நாளே பேத்தியை விட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வார். டாக்டர் முன்னால் போனால் எல்லாம் மறந்துவிடுகிறதே, அதற்காக. டாக்டர்களே அந்த மஞ்சப்பையைப் பார்த்துச் சிரித்து, "அம்மா ஃபைல் மட்டும் சரியா இருக்கும்" என்பார்களாம்.

ஆபரேஷன்

பெரியவருக்கு எலும்பு வரை போகவில்லை. கால் தப்பியது. புண்ணையும் அதைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார்கள். நல்ல தோலை ஏன் எடுக்கிறார்கள் என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மறுபடி முளைத்துவிடும். காலியான இடத்தை மூட, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டினார்கள். புண் இருந்த இடத்தை விட, தோல் எடுத்த தொடைதான் அதிகமாக எரியும் என்பது போய் வந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒட்டிய தோல் பிடிக்கிற வரை காலை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். பெரியவருக்கு ஐந்து நாள். அதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் இரவில் பெண்கள் தங்க அனுமதி இல்லை. மகனும் அக்காவின் தம்பியும் மாறி மாறிப் படுத்தார்கள். அக்கா வெளியே வராந்தாவில் படுத்துக்கொண்டார். சேர்க்கும் முன்பே இந்த விவரத்தைக் கேட்டுக்கொண்டு ஆளுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெட்டி எடுத்ததையும் டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள். ஓரத்தில் புற்று மிச்சம் இல்லை என்று வந்தால் நிம்மதி. சந்தேகம் இருந்தால் கரண்ட் வைக்கச் சொல்வார்கள். கரண்ட் என்று நாம் சொன்னாலும் அதில் ஷாக் எதுவும் அடிக்காது, எக்ஸ்ரே மாதிரி கதிர்தான். வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள். உடம்பில் போட்ட அடையாளக் கோட்டை அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள் எதையும் கேட்காமல் தடவக் கூடாது. பெரியவருக்கு அது தேவைப்படவில்லை.

செலவு

தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷன், கரண்ட், கீமோ மருந்து ஆகியவை வருகின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்டுங்கள். முதலில் பணம் கட்டிவிட்டு அப்புறம் அட்டையைக் காட்டினால் சிக்கல்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகிற நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

காப்பீடு இருந்தும் அக்காவுக்குக் கைக்காசு செலவானது. பஸ், சாப்பாடு, கட்டுத் துணி, வெளியே எடுத்த ஒரு ஸ்கேன் எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய். தோட்டை அடகு வைக்கக் கிளம்பியவரைத் தடுத்து, குழுவில் 8,000 உள்கடன் கொடுத்தார்கள், தவணையை மூன்று மாதம் தள்ளியும் வைத்தார்கள். பணத்தை விடப் பெரிய உதவி மாட்டுக்குத்தான். ஆஸ்பத்திரியில் இருந்த பதினாறு நாளும் குழுப் பெண்கள் முறை வைத்துப் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, கணக்கை நோட்டில் எழுதி வைத்தார்கள். அக்கா திரும்பி வந்தபோது பால் பணம் முழுசாக இருந்தது.

அக்காவின் உடம்பு

இதை யாரும் கேட்பதில்லை. அக்காவுக்கு பிபி உண்டு. அலைச்சலில் இரண்டு மாதம் மாத்திரை வாங்கவே இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தலை சுற்றி விழுந்துவிட்டார். பிபி பார்த்தால் 190. நர்ஸ் திட்டினாராம், "அவரைப் பாக்க நீங்க நிக்கணும்ல?" என்று. வீட்டுக்காரருக்கு முட்டையும் பாலும் கொடுத்துவிட்டு, தான் டீயும் பன்னும் சாப்பிட்டு நாளை ஓட்டிய சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிற உறுப்பினரிடம், உன் மாத்திரை எடுத்துக்கிட்டியா என்று கேட்க வேண்டியது அந்தக் குழுவின் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறவர்களில் பலர் நம் மாதிரி குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது ஆறாத புண் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இப்போது

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புண் ஆறியதும் வேலை முடிந்தது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. இந்த வகைப் புற்று திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று வருடத்துக்குள் வரும். அதனால்தான் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்கள். டாக்டர் காலையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்க்கிறார், தேவைப்பட்டால்தான் ஸ்கேன். இடையில் வீட்டிலேயே அக்கா மாதம் ஒருநாள் பார்க்கிறார். அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறார், மறக்காது அல்லவா. புதுக் கட்டி, வெடிப்பு, ரத்தம், தொடை இடுக்கில் உருண்டை ஏதாவது கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒட்டிய தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறார். பெரியவரும் அக்காவின் முதுகையும் இடுப்பையும் பார்த்துச் சொல்கிறார். பாவாடை நாடாத் தடத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து, "இறுக்கிக் கட்டாத" என்று தினமும் அவருடைய சத்தம்தான் பெரிதாக இருக்கிறதாம்.

அடுத்த செக்கப் வருகிற மாதம் இருக்கிறது. மஞ்சப்பை இப்போதே ஆணியில் தொங்குகிறது.